கத்திக்கு முன்னால் கேட்ட ஓய்வு

அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பதாக டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போது அவள் மூன்று பிள்ளைகளுக்குத் தாய். மாதாமாதம் இரத்தம் போய்ப் போய் முகம் வெளிறியிருந்தது. திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருவரும் அடுத்தடுத்த நிரையில்தான் கொழுந்து பறித்தோம். மேடு ஏறும்போதெல்லாம் அவள் நின்று மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கும்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அக்காவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"இப்ப வெட்டினால் தாங்கமாட்டியள். உடம்பில இரத்தமே இல்லை. இரண்டு மாசம் பாரம் தூக்காதேங்கோ. ஈரல், கீரை, முட்டை சாப்பிடுங்கோ. காலமையில மெல்ல நடவுங்கோ. உடம்பைத் தேத்திக்கொண்டு வாங்கோ, வெட்டுவம்."

"மலையில ஒழைக்கிற ஒடம்புங்க. தாங்கும்ங்க" என்றாள் அக்கா.

"உழைச்சு உழைச்சுத் தேஞ்ச உடம்பம்மா இது" என்றார் அவர்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் மருந்தையாவிடம் போய் இதைச் சொன்னோம். அவர் எழுதிக் கொடுத்தால்தான் லீவு. அவர் சிரித்தார்.

"வெட்டுனப்புறம் லீவு தாரேன். வெட்டாத ஒடம்புக்கு என்னாத்துக்கு ரெஸ்ட்டு? நீங்கல்லாம் கல்லு மாதிரி ஆளுங்க."

கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் லேசான வேலையாவது கேட்டுப் பார்த்தோம். அங்கே ஆள் போதும் என்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் வரை, கொட்டும் மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அக்கா கூடை சுமந்தாள். ஈரலுக்கு எங்கே போவது? ரொட்டியும் சம்பலும்தான். கீரை மட்டும் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைக்குப் பின்னால் கிடைத்தது.

எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மனைவிக்கும் அதே கட்டி, அதே டாக்டர். அவள் தாய்வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்து தேறி வந்தாள். அக்காவுக்கு இரத்தப்போக்கு நிற்காததால் இனியும் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். ஒரே வாரத்தில் இருவருக்கும் வெட்டினார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

அவள் சீக்கிரமே எழுந்து வராந்தாவில் நடக்க ஆரம்பித்தாள். அக்காவுக்குக் காய்ச்சல் விடவில்லை. தையல் விட்டுச் சீழ் வைத்தது. இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். டாக்டர் இரவும் பகலும் வந்து பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குப் புறப்படும்போது கிளாக்கர் மனைவி கட்டிலருகே வந்தாள்.

"ஒழைக்கிற ஒடம்பாச்சே, நீ எனக்கு முன்னால எந்திரிச்சிருவன்னு நெனச்சேன்" என்றாள். அவள் பொல்லாதவள் அல்ல. உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் அக்கா லயத்துக்கு வந்தாள். வெட்டிய இடத்தில் குடல் பிதுங்கிக்கொண்டு நின்றது. கூடை தூக்க முடியவில்லை. வேலைக்கு வராதவள் என்று பெயரை வெட்டிவிட்டார்கள். அதைக் கேட்கத்தான் மறுபடியும் மருந்தையாவிடம் கூட்டிப் போனேன்.

அவர் அக்காவின் வயிற்றைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"டாக்டர் சரியா வெட்டல போலருக்கே."

நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"தேத்திக் கொண்டாரச் சொன்னாரு ஐயா. நீங்கதான் விடல."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்ற பெண்ணை நோக்கிக் கையை ஆட்டினார்.

"அடுத்த ஆளு வா."

அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி படியிறங்கினாள். அதன்பின் அவள் மலை ஏறவேயில்லை.