பிரேக்கக்காவும் நான் அடித்த சிவப்பும்

எங்கள் ஷெட்டில் பிரேக் வேலைக்கென்று ஒரே ஆள், பிரேக்கக்கா. வந்த புதிதில் அவருக்குக் கொடுத்தது சாமான் கழுவும் வேலைதான். சக்கரத்தைக் கழற்றினால் கொட்டும் கறுப்புப் பொடியைத் தொட மற்ற மெக்கானிக்குகளுக்கு அருவருப்பு. அதையும் சேர்த்து அவர் தலையில் கட்டினார்கள். இருபது வருடம் போன பின்பு அதே மெக்கானிக்குகள் தங்கள் சொந்த வண்டியின் பிரேக்கை அவரிடம்தான் விடுகிறார்கள். இப்போது அருவருப்பெல்லாம் அக்காவுக்கு. தேய்ந்த பிரேக் பேடையே திரும்ப மாட்டச் சொல்கிற ஆளைக் கண்டால் காறித் துப்பாத குறை. பழைய பிரேக் ஆயிலை மோந்து பார்த்து, "கருமம், இத வச்சுக்கிட்டா பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறீங்க?" என்று வந்தவர் வக்கீலா டாக்டரா என்று பார்க்காமல் கேட்பார்.

அவருக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி, பெல்ட் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். வண்டிக்காரர் ஓட்டிப்போய்த் தெருமுனையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து பார்க்காமல் ஒரு வண்டியையும் அவர் வெளியே விட்டதில்லை.

நான் அதே ஷெட்டில் பெயிண்டர். அக்காவை எனக்குப் பிடிக்கும். அவருடைய தம்பியைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். முப்பத்தைந்து வயது, வாய் மட்டும் ஊருக்கு நீளம். சூரப்புலி என்று நான்தான் பெயர் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணம் கட்டினால் யாரும் ஓட்டலாம் என்று ரேஸ் டிராக்கில் ஒரு ஏற்பாடு உண்டு. அதற்காகப் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினான். பின்னால் ஓர் இறக்கை, கதவெல்லாம் ஸ்டிக்கர், கண்ணைப் பறிக்கிற சக்கரம். எடையைக் குறைக்கிறேன் என்று தன் சீட்டைத் தவிர மற்றதையெல்லாம் பிடுங்கி எறிந்தான். பிரேக் என்று வரும்போது கை காலி. அக்கா பார்த்துக்கொள்வாள் என்றான், கூச்சமே இல்லாமல். ஓடுவதற்கு அத்தனை செலவு, நிற்பதற்கு அக்கா. சீ, என்ன பிறவியோ.

அக்கா பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். கார் உடைக்கும் கடைக்குப் போய், அதே கம்பெனியின் கனமான கார் ஒன்றிலிருந்து பெரிய டிஸ்க் இரண்டும், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் இரண்டும் எடுத்துவந்தார். கேலிப்பரைப் பிரித்து, உள்ளே துருவை நீக்கி, ரப்பர் சீல் எல்லாம் புதிதாகப் போட்டார். சின்னக் காரில் அது உட்காருவதற்குக் கெட்டித் தகட்டில் பிராக்கெட் வெட்டினார். முதல் பிராக்கெட் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டினார். பேடும் ஆயிலும் மட்டும் சூடு தாங்குகிற புதுச் சரக்கு. அதில் சிக்கனம் பேசிய தம்பியை அவர் பார்த்த பார்வையில் அவன் வாய் மூடிக்கொண்டது. கடைசியில் பக்கத்து சீட்டைத் திரும்ப மாட்டச் சொல்லி, உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுத்தார். சூரப்புலி வீட்டுக்குப் போனதும் அந்த சீட்டை மறுபடி பிடுங்கினான்.

சனிக்கிழமை அக்காவுக்கு விடுப்பு. அன்றைக்குப் பார்த்து இரண்டு கேலிப்பரையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். "அண்ணே, செவப்பு அடிச்சுக் குடுங்க. இப்படியே இருந்தா பெரிய பிரேக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அக்காவிடம் சொன்னாயா என்றேன். பார்த்து அசந்துபோவாள் என்றான். சூடு தாங்குகிற பெயிண்ட் வேண்டும், அது என்னிடம் இல்லை என்றேன். இருப்பதை அடி என்றான். முடியாது என்று சொல்லித் துரத்தியிருக்க வேண்டும். எனக்கும் அன்று கையில் வேலை இல்லை. யாரோ ஒருவருடைய வண்டிக் கதவுக்குக் கலக்கி மிஞ்சிய சிவப்பை அடித்துக் கொடுத்தேன். அவனைத் திட்டிக்கொண்டேதான் அடித்தேன், ஆனால் அடித்தேன்.

ஞாயிறு காலை, டிராக்கிலிருந்து சிவப்புக் கேலிப்பரைப் படம் எடுத்துக் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பினான். சித்தப்பாவும் மாமாவும் கைதட்டிப் பதில் போட்டார்கள். அக்கா மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உடனே எனக்குப் போன் செய்து, வண்டியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

ஆயில் பாட்டிலும் சாமான் பையும் மடியில் வைத்துக்கொண்டு வழியில் விஷயத்தைச் சொன்னார். இடது கேலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறான். காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேலே இருக்க வேண்டியது கீழே போய்விட்டது. காற்று மேலேதான் தேங்கும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் வராது, அழுத்துகிற நேரத்தில் பெடல் பஞ்சாக இறங்கிவிடும். சொல்லிக்கொண்டே அவனுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார். அவன் எடுக்கவில்லை. நான் வேகத்தைக் கூட்டினேன்.

நாங்கள் போனபோது டிராக்குக்குள் நுழையும் வரிசையில் அவனுக்கு முன்னால் நான்கு வண்டிகள்தான் பாக்கி. அக்கா நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்றார். எல்லாரும் பார்க்கிறார்கள், மானம் போகிறது, நகர் என்றான். பெடல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்றான்.

அக்கா அந்தப் பக்கக் கதவைத் திறந்தார். சீட்டு இருந்த இடத்தில் வெறும் தகரம். அதில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"சரி, ஓட்டு. மொத வளைவுல அழுத்திப் பிடி."

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். நான் ஜன்னலோரம் நின்று அவன் காலைப் பார்த்தேன். பிரேக்கை ஒரு முறை மிதித்தான், இறங்கியது. இரண்டாவது முறையும் இறங்கியது. மூன்றாவதில்தான் கெட்டியானது. அக்காவும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான்.

"மூணு மிதி மிதிச்சாத்தான் பிடிக்கும்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் அக்கா.

"ரெண்டு ரவுண்டுதானேன்னு நெனச்சேன்க்கா."

"நான் ஏறினதும் மட்டும் கால் வரல?"

அவன் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கினான். தூ, தெரிந்தே கிளம்பியிருக்கிறான். ஒரு கைதட்டலுக்காக.

வண்டியை ஓரமாகத் தள்ளினோம். அக்கா கேலிப்பர்களை மாற்றி மாட்டி ஏர் எடுக்கத் தொடங்கினார். நான் பெடலை மிதிக்க மிதிக்க, குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. வழிந்த ஆயில் பட்டதும் என் சிவப்பு கரைந்து அவர் மணிக்கட்டில் ஓடியது. பிரேக் ஆயில் சாதா பெயிண்டைத் தின்னும் என்று எனக்குத் தெரியாதா? நேற்றே தெரியும். தெரிந்தே கிளம்பியவனைப் பார்த்துத் துப்பினேனே, நான் என்ன ஒழுங்கு?

"அக்கா, கையில ரத்தம்," என்றான் தம்பி. அவன் குரலே மாறியிருந்தது.

அக்கா கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ரத்தம் இல்லடா. பெயிண்டர் அடிச்ச செவப்பு."

வேலை முடிந்தபோது அவன் முறை போயிருந்தது. அக்கா மறுபடியும் அந்தத் தகரத்தில் ஏறி உட்கார்ந்து, வீட்டுக்கு ஓட்டச் சொன்னார். நான் அவர்களுக்குப் பின்னால் போனேன். வழியில் ஏழு சிக்னல். ஒவ்வொன்றிலும் அந்த வண்டி நின்றபோது பின்னால் பிரேக் விளக்கு ஒரே ஒரு தடவைதான் எரிந்தது.