பெஞ்சு மேல் ஏறிய கணக்கு வாத்தியார்

அடுத்த வகுப்பு வாத்தியாரைப் பார்த்து வயிறெரிந்தே எனக்கு இரண்டு வருஷம் போனது. இந்த வயதில் இனி மறைக்க என்ன இருக்கிறது? அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஓர் உயர்நிலைப் பள்ளி. நாலாம் பாரம், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பு; ஏ பிரிவு எனக்கு, பி பிரிவு அவருக்கு. நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். இங்கே ஒருவன் தும்மினால் அங்கே கேட்கும்.

நான் உள்ளே இருக்கும்வரை என் வகுப்பு மூச்சு விடாது. வெராந்தாவில் இரண்டடி வைத்தால் போதும், இரைச்சலில் நாகல் நகர்க் கடைத்தெரு தோற்றுப்போகும். திரும்பி வந்து நாலு பேரை வெளுப்பேன், மறுபடி அடங்கும். வெளுப்பதற்குக் கருவி பையன்களே கொண்டுவந்தது. கிராமத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் வழியில் புளிய விளார் ஒடித்து, இலையை உருவி, வாத்தியார் மேசையில் வைப்பார்கள். கொண்டுவந்தவனுக்கு அன்றைக்கு அடி குறையும் என்று ஒரு நம்பிக்கை. நானும் குறைத்துத்தான் அடித்தேன்.

அவர் கன்னிவாடிக்காரர், கணக்கு வாத்தியார். தினமும் பஸ்ஸில் வந்து போவார். அவர் மேசையில் ஒருநாளும் விளார் இருந்ததில்லை. சிறுமலை வாழைப்பழம் இருக்கும். ஆசிரியர் அறையில் எனக்கும் இரண்டு நீட்டுவார்.

"சாப்பிடுங்க சார். பயலுக அம்புட்டக் கொண்டாந்துட்டானுக."

எனக்கு வயிறு சரியில்லை என்பேன். உண்மையும் அதுதான்.

அவர் வராத நேரத்திலும் பி பிரிவு அமைதியாக இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அங்கே இருந்தவர்கள் சாதுக்கள் அல்ல. டிரில் மாஸ்டர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கியவன் அங்கேதான் இருந்தான். முந்தின வருஷம் என்னிடம் தினமும் அடி வாங்கியும் அடங்காமல் பெயிலான ஒரு நெட்டைப் பயல், அவரிடம் போன ஒரே மாதத்தில் தானாக எழுந்து கரும்பலகை துடைத்தான். என்ன மருந்து வைத்தார் இந்த மனுஷர் என்று எனக்குத் தூக்கம் கெட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் தட்டி ஓட்டையில் கண்ணை வைத்தேன். உள்ளே வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஐந்து பையன்கள் முன்னால் உட்கார்ந்து, அந்த வாரத்துச் சேட்டைகளை ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். செய்தவன் தன் பக்கத்தைப் பேசலாம். பிறகு ஐவரும் குசுகுசுவென்று பேசித் தண்டனை சொல்வார்கள். வாத்தியார் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வழக்கு அவர் மேலேயே வந்தது. புதன்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டுத் தாமதமாக வந்தாராம்.

நெட்டைப் பயல்தான் தீர்ப்புச் சொன்னான். "சாருக்கு அஞ்சு நிமிசம் பெஞ்சு மேல."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் ஏறி நின்றார். வகுப்பில் ஒருவனும் சிரிக்கவில்லை. நான் ஏறியிருந்தால் பள்ளிக்கூடமே சிரித்திருக்கும். அந்த நினைப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். கணக்கு வாத்தியாருக்கு இருந்தது தற்காலிக வேலை. அரைப் பரீட்சையோடு தவணை முடிகிறது, நீட்டுவதா வேண்டாமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. தெரிந்தேதான் போனேன்.

"பயலுக தீர்ப்புச் சொல்றானுக, வாத்தியாரு பெஞ்சு மேல நிக்கிறாரு. நாளைக்கு நம்ம பேச்ச எவன் சார் கேப்பான்?"

"நெசமாவா?"

"என் கண்ணால பாத்தேன் சார்."

தவணை நீட்டப்படவில்லை. வத்தலக்குண்டுப் பக்கம் ஏதோ பள்ளியில் இடம் தேடிக்கொண்டு அவர் கிளம்பினார். போகிற அன்றும் எனக்குப் பழம் நீட்டினார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன்.

"பயலுகளப் பாத்துக்கங்க சார். வெள்ளிக்கிழமைய மட்டும் விட்டுறாதீக."

பி பிரிவை நானாகவே கேட்டு வாங்கினேன். அந்த அமைதி எனக்கு வேண்டியிருந்தது. அவர் மேசை, அவர் நாற்காலி, அவர் பையன்கள் எல்லாம் என்னுடையவை என்ற சந்தோஷம் சரியாக ஐந்து நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நெட்டைப் பயல் எழுந்தான்.

"சார், ஒரு வழக்கு இருக்கு."

"எவன் மேலடா?"

"ஒங்க மேலதான் சார். அன்னைக்குத் தட்டி ஓட்டைல ஒங்க கண்ணப் பாத்தோம். கோள் சொன்னா எங்க வகுப்புல பத்து நிமிசம் பெஞ்சு. அவரு இருக்கைலயே போட்ட சட்டம். நீங்க ஏதும் பேசுறதுன்னா பேசலாம் சார்."

குரலில் துளி கேலி இல்லை. முன் வரிசையில் ஒரு பெஞ்சைக் காலி செய்து வைத்திருந்தார்கள். ஏறியிருக்கலாம். பத்து நிமிஷம்தான். ஆனால் அவர் நின்ற அந்த இடத்தில் நான் அவரை விடச் சின்னவனாக நிற்க வேண்டுமா என்றுதான் எனக்குத் தோன்றியது. பழைய வகுப்புக்குப் போய் விளாரை எடுத்து வந்தேன். அவன் கையை நீட்டினான். விளார் ஒடியும்வரை அடித்தேன். அவன் கையை இழுக்கவும் இல்லை, அழவும் இல்லை. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

திங்கட்கிழமை காலை உள்ளே நுழைந்தால் என் மேசை நிறையப் புளிய விளார். இலை உருவி, கணு சீவி, வரிசையாக அடுக்கியிருந்தது. ஒருவர் இருவர் வேலை இல்லை, வகுப்பு முழுவதும் ஆளுக்கொன்று கொண்டுவந்திருக்கிறது. எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பிறகு நெட்டைப் பயல், வீங்கிய கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"இம்புட்டுப் போதுமா சார்? இல்ல, இன்னுங் கொண்டாரவா?"