தறி நின்ற பிறகு கேட்கும் சத்தம்

கரண்ட் போனபோதுதான் என் நோய் எனக்குத் தெரிந்தது. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊரில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறிகள். மின்சாரம் போனால் தெருவே சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். அன்று தெரு அடங்கியும் என் காதில் மட்டும் 'ஙொய்' என்று ஒரு சத்தம் நிற்காமல் ஓடியது.

திருப்பதியில் காது டாக்டர் சோதித்துவிட்டு, டின்னிடஸ் (வெளியே ஒலி இல்லாமலே காதுக்குள் கேட்கும் இரைச்சல்) என்றார். தறிச் சத்தத்தால் உள்காது கெட்டிருந்தது. போன கேள்திறன் திரும்பாது.

"இதுக்கு மந்து லேது, மருந்தே இல்ல. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்துங்க. தறிகிட்ட நின்னா காதடைப்பான் போட்டே ஆகணும்," என்றார்.

போட்டேன். வெளிச்சத்தம் குறைந்ததும் உள்சத்தம் எகிறியது. கழற்றி எறிந்தேன். தெருவில் மற்ற தறிகள் நின்ற பிறகும், எங்கள் வீட்டில் ஒன்றை ஓடவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்தேன். என் காதைக் கெடுத்த சத்தம் இருந்தால்தான் தூக்கம் வந்தது. இப்படியே போனால் முழுச் செவிடாகிவிடுவேன் என்று தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அந்த அமைதியை நினைத்தாலே பயமாக இருந்தது.

டாக்டர் என்னைச் சித்தூரில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். கோளாறு காதில், தலையில் இல்லை என்று பஸ்ஸில் வழியெல்லாம் முனகிக்கொண்டே போனேன். அந்த அம்மா மூச்சைக் கவனிக்கக் கற்றுத்தந்தார். இது புத்தர் தம் சீடர்களுக்குச் சொன்ன பயிற்சி, இங்கே சடங்கு எதுவும் இல்லாமல் சொல்லித்தருகிறோம் என்றார்.

"திருத்தணிக்குக் காவடி எடுக்கறவன்மா நான். முருகன் கோச்சுக்க மாட்டாரா?"

"அவரையும் கூட்டிக்கினு வாங்க. மூச்சு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

சில வாரம் பிடிவாதமாக உட்கார்ந்தேன். சத்தம் துளியும் குறையவில்லை. அந்த அம்மாவிடம் சண்டைக்கே போனேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "மூச்சப் பாத்துக்கினு இருக்கீங்களா, இல்ல சத்தம் போச்சான்னு பாத்துக்கினு இருக்கீங்களா?"

கரண்ட் போனால் நாங்கள் எப்போது எரியும் என்று பல்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தியானத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

வேண்டும் என்பது மட்டுமல்ல, வேண்டாம் என்பதும் ஆசைதான், துன்பம் அதில்தான் வளர்கிறது என்று புத்தர் சொன்னதை அவர் விளக்கினார். சத்தம் கேட்டால் அதைச் சத்தம் என்று மட்டும் அறிந்துகொண்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும்.

காதில் இரைச்சலோடு இதைப் படிப்பவர்களிடம் மறைக்க மாட்டேன். இது லேசில்லை. சில நாள் அழுதேன். எழுந்து ஓடப் பார்த்த கால்களை மடக்கியே வைத்தேன். காதடைப்பானைத் தேடி எடுத்து, தறி நாடாவில் போடும் ஒரு தார்க்கட்டையின் நூல் ஓடி முடியும்வரை போட்டுக்கொண்டேன். பிறகு இரண்டு தார். பிறகு வேலை முடியும்வரை.

ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும், தெருவில் எங்கள் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தபோது, போய் அதை அணைத்தேன்.

"இன்னாங்க, தறி நின்னுபூட்ச்சு?" அடுப்படியிலிருந்து என் மனைவி வசந்தி வழக்கம்போலக் கத்தினாள்.

"நான்தான் நிறுத்தினேன்."

ஙொய் வந்தது. வந்து அங்கேயே இருந்தது. கூடவே ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. காது என் உடம்பில் ஓர் இடம்தான், மற்ற உடம்பெல்லாம் நலமாகத்தான் இருக்கிறது என்று அப்போது தோன்றியது. கரண்ட் எப்போது வரும், வேலை எப்போது முடியும் என்றே ஓடிய பொழுது ஒரு மூச்சின் அளவுக்கு வந்து நின்றது. அந்த அளவு எனக்குப் போதும்.

வசந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பயமா கீதுங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து தறிச்சத்தத்துக்கு மேல் கத்தியே பேசிய குரல் அது. தணிந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. ஙொய்யும் கேட்டது, அவள் குரலும் கேட்டது.

"இன்னொரு தபா சொல்லு," என்றேன்.