இன்று குதிரை டிரெய்லரில் பிரேக் பிடிக்கவில்லை

ஆம்பூர் பாலத்து இறக்கத்தில் இன்று காலை செத்துப் பிழைத்தோம்.

நான் தோல் பேக்டரியில் ஃபிட்டர். முதலாளி தன் குதிரையை ஏற்றிப்போக வெளிநாட்டிலிருந்து ஒரு டிரெய்லர் வரவழைத்திருக்கிறார். இழுக்கும் ஜீப் வேகம் குறைந்தால் டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். இன்று பிடிக்கவில்லை. பின்னாலிருந்து முட்டித் தள்ளி, முன்னே போன கரும்பு டிராக்டரில் எங்களை மோதவைத்தது. டிரைவர் செல்வத்தின் உதடு கிழிந்தது. உள்ளே குதிரை உதைத்த உதையில் பலகை பிளந்து, அதன் கால் முழுக்க ரத்தம்.

பின்னால் காரில் வந்த முதலாளி இறங்கினார். குதிரையைப் பார்த்தார். நேராக வந்து, கிழிந்த உதட்டின் மேலேயே செல்வத்தை அறைந்தார்.

"தூங்கிக்கினு ஓட்டுனியாடா?"

"பிரேக் புடிக்கல மொதலாளி!"

நான் டிரெய்லரின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மைத் திறந்தேன். குப்பென்று மீன் வாடை. தோலை மெத்தென்று ஆக்கப் போடும் மீன் எண்ணெய் உள்ளிருந்து வழிந்தது. எங்கள் பேக்டரியில் எது கிரீச்சிட்டாலும் அதைத்தான் ஊற்றுவார்கள். ஆனால் பிரேக்கிலா?

"எவன்டா இத ஊத்துனது?" என்று கத்தினேன்.

முதலாளியின் குரல் இறங்கிப்போனது. "நேத்து சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சுப்பா. நான்தான் ஊத்துனேன்."

செல்வம் டிரம்முக்குள் கையை விட்டு நன்றாகத் துழாவினான். எழுந்தான். விட்டான் ஒரு அறை.

அவனுக்கு வேலை போய்விட்டது. நாளையிலிருந்து புது டிரைவர் தேவையாம். யாராவது வருகிறீர்களா? முதலாளியின் கன்னத்தில் மீன் வாடை அடித்தால் மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்.