தாடியும் அத்தி மரமும்

என்னைப் படுக்கையில் போட்ட நாளிலிருந்து அந்த அத்தி மரத்துக்கும் எனக்கும் ஆகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பின்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, யாரும் நடாமல் தானாக முளைத்த மரம் அது. எங்கள் படுக்கையறைக்கு இருந்த ஒரே ஜன்னலை அடைத்துக்கொண்டு, கூரை மேலும் ஏறி, பக்கத்து வீட்டுக்குள்ளும் கை நீட்டியிருந்தது. எனக்கு முதல் தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. அதனால் இரண்டாம் தடவை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: பாத்ரூமுக்குத் தவிர எதற்கும் எழுந்திருக்கக் கூடாது. இந்தக் குழந்தையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் வேறு நினைப்பே இல்லை. ஆனால் எனக்கு ஒரு இடத்தில் உட்காரவே வராது. படுத்துக் கிடப்பது எப்படி வரும்?

என் வீட்டுக்காரர் காலையில் சோறு வடித்து, ரசம் வைத்து, கைக்கு எட்டும் தூரத்தில் மூடி வைத்துவிட்டு ஆபீஸ் போய்விடுவார். அப்புறம் நானும் மரமும்தான். காற்றடித்தால் கிளை ஓட்டைப் பிராண்டும். பழம் கூரையில் தொப்பென்று விழும். ஒவ்வொரு தொப்புக்கும் என் கை வயிற்றுக்குப் போகும். புரண்டு படுப்பேன், மறுபடி புரள்வேன். பத்திரிகையைப் பிரித்தால் நடுப்பகலிலும் விளக்கு போட வேண்டும். கரண்ட் போய்விட்டால் அதுவும் இல்லை. கொஞ்சம் வெளிச்சம் வந்தால் போதும், பைத்தியம் பிடிக்காமல் இருப்பேன் என்று தோன்றும்.

"ஒரே ஒரு கிளைங்க. ஜன்னல்கிட்ட இருக்கறது மட்டும்."

"பொறக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"ஆள் வச்சாவது வெட்டுங்களேன்."

"நம்ம வீட்டுக்குள்ள அரிவாளே வேணாம். பொண்டாட்டி மாசமா இருக்கறப்ப மரம் வெட்டக் கூடாது, முடி வெட்டக் கூடாது. எங்க ஊர்ல அப்படித்தான்."

சொன்னதோடு நிற்கவில்லை. சவரம் செய்வதையும் நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மேனேஜர் கேட்டதற்குத் தோல் அலர்ஜி என்று புளுகிவைத்திருந்தார். என் வயிறு, அவர் தாடி, அந்த மரம் மூன்றும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தன.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி உருது பேசுகிறவர், தமிழும் நன்றாக வரும். அவருடைய மாடிக் கொடியில் காயும் துணியெல்லாம் எங்கள் அத்திப்பழக் கறை. திட்டத்தான் வருவார், ஆனால் நான் சாப்பிட்டேனா என்று பார்க்காமல் போகமாட்டார்.

"இன்னாம்மா, உங்க மரம் எங்க வூட்டுக்கே குடி வந்துடுச்சு. வூட்டுக்காரர்கிட்ட ஜரா சொல்லும்மா."

"நான் சொன்னா கேக்கற ஆளா ஆன்ட்டி?"

"மொதல்ல அந்தத் தாடிய வெட்டச் சொல்லு. காலைல வாசல்ல பாத்துட்டு யாரோ ஃபக்கீர் வந்துருக்காருன்னு காசு எடுக்கப் போய்ட்டேன்."

இருவரும் சிரித்தோம். அவர் போனதும் சிரிப்பும் போய்விட்டது, எரிச்சல்தான் மிச்சம்.

ஐந்தாம் மாதம் பிறந்தது. அந்த மாதத்தைக் கடப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒருநாள் பகல் முழுக்க மழை, கரண்டும் இல்லை. இருட்டுக்குள்ளேயே கிடந்தேன். சாயங்காலம் அவர் நனைந்து வந்து, தாடியைத் துடைத்துக்கொண்டே காபி கொண்டுவந்து நீட்டினார். அந்தத் தாடியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊர் வழக்கம், ஊர் வழக்கம்னு கதை விடாதீங்க. போன தடவை தினமும் மழமழன்னு ஷேவ் பண்ணிட்டுத்தானே போனீங்க? அப்ப எங்க போச்சு உங்க வழக்கம்?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"போன தடவை மரத்தையும் வெட்டினேன்ல," என்றார்.

எனக்கு ஞாபகம் வந்தது. அழுகின பழ வாடை குமட்டுகிறது என்று நான்தான் நச்சரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னலோரக் கிளையை வெட்டிப் போட்டார். இப்போது ஜன்னலை அடைப்பது அதே இடத்தில் மறுபடி தழைத்தது. சட்டையெல்லாம் அத்திப்பால் ஒட்டிக்கொண்டு வந்து நின்றவரைப் பார்த்து அப்படிச் சிரித்தேன். அந்த வாரமே என்னை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவந்தது. இரண்டையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. அவர் பார்த்திருக்கிறார்.

"நான் கேட்டுத்தானே வெட்டினீங்க?"

"அதனாலதான் உன்கிட்ட சொல்லல."

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. கருப்பை வாய் பலவீனம் என்று டாக்டரம்மா காரணம் சொல்லியிருந்தார். அது அவருக்கும் தெரியும். அப்படியும் அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, என் பக்கம் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறார். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் வயிறு குலுங்குமே என்று அதற்கும் பயம். அவர் தாடியைப் பிடித்து இழுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அதற்கப்புறம் மரத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. புரள்வதை மட்டும் விட முடியவில்லை. ஆன்ட்டி கேட்டால், "பொறக்கட்டும் ஆன்ட்டி" என்று நானே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கொடியை மாடியின் மறுபக்கம் மாற்றிக் கட்டிக்கொண்டார்.

பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் வழவழவென்று ஒரு ஆள் வந்து நின்றார். தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

நாங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளானதும் சிவாஜிநகரிலிருந்து மரம் வெட்ட ஆள் கூட்டிவந்தார். அத்தனை மாதம் நான் சண்டை போட்டது இதற்குத்தான். மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தேன். அரிவாள் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதல் கிளை முறிந்து தரையில் விழுந்ததும் ஜன்னல் கதவு அதிர்ந்தது, அறைக்குள் வெயில் வந்தது. நான் வெயிலைப் பார்க்கவில்லை. என் விரல் அவள் மூக்கடியில் இருந்தது.

தோட்டத்தில் நின்றிருந்த அவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தார்.

"மூச்சு இருக்கா?"

"இருக்கு."

அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. "நிறுத்தச் சொல்லட்டுமா?"

முகத்தில் வெயில் பட்டு அவள் கண்ணைச் சுருக்கினாள்.

"வேணாம், வெட்டட்டும். நீங்க மட்டும் இங்கயே உக்காருங்க."

உட்கார்ந்தார். வெளியே ஒவ்வொரு கிளையாக விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் குனிந்து அவள் மூக்கையே பார்த்தோம்.