தேயாத ஜிங்க்

ஸெலி சுரெட்டுக்குக் கோபம் வந்தால் ஊரே ஒதுங்கிப் போகும் என்பார்கள். சுத்தப் பொய். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு வரும். கனடாவின் கிழக்குக் கரையில், எங்கள் பப்னிக்கோ துறைமுகத்தில் வேறென்ன பொழுதுபோக்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

ஐம்பத்திரண்டு வயது. படகுப் பட்டறையில் வேலை. கரையேற்றிய சிங்கி இறால் படகுகளுக்கு அடியில் புகுந்து ஜிங்க் மாற்றுவாள். ஜிங்க் என்றால் துத்தநாகக் கட்டி. சுக்கானில் ஒன்று, புரொப்பெல்லர் தண்டில் ஒன்று என்று முடுக்கிவிட்டால் கடல் தண்ணீர் அதைத் தின்னும், மற்றதை விட்டுவிடும். இருபத்தாறு வருஷமாக இதே வேலை, இதே திட்டு, அதே சிவப்புக் கம்பளித் தொப்பி. கேட்டால் ராணி மாதிரி இருக்கிறேன் என்பாள். அது உண்மைதான்.

அவள் ஹாலிஃபாக்ஸில் இரண்டு வருஷம் வேதியியல் படித்தவள். அம்மா படுத்த படுக்கையானபோது அப்பா கடலில், தம்பி டெல்பர்ட்டுக்குப் பதினோரு வயது. மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். அம்மா தேறிய பிறகு திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் பட்டறைக்கார எமிலைப் பிடித்துப்போய்விட்டது. என்ன செய்வது!

அந்த டெல்பர்ட்தான் போன நவம்பரில், சிங்கி இறால் சீசன் திறக்க ஐந்து நாள் இருக்கும்போது, படகைக் கழுவக் கரையேற்றினான். மனைவி பெயரையும் சேர்த்து ‘மோனிக்கும் பெண்களும்’ என்று பெயர் வைத்த படகு. அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியவன் சந்தோஷத்தில் கத்தினான்.

“அக்கா! இங்க வந்து பாரேன். ஒரு வருஷம் ஆச்சு, நீ மாட்டின ஜிங்க் துளிகூடத் தேயல. புத்தம் புதுசா இருக்கு!”

தேயாத ஜிங்க் என்றால் வேலை செய்யாத ஜிங்க் என்று ஸெலிக்குத் தெரியும். ஓடிவந்து நகத்தால் சுரண்டினாள். சிவப்புப் பெயின்ட் உரிந்து வந்தது.

“யாருடா இதுக்குப் பெயின்ட் அடிச்சது?”

“நான்தான். அடிப்பக்கம் அடிக்கும்போது அதையும் சேர்த்து ரெண்டு இழுப்பு இழுத்தேன். ஒரே கலரா அழகா இருந்துச்சு.”

“அழகா இருந்துச்சா! உன் மூஞ்சி! அடிக்காதடான்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே, காதுல என்ன மீனா வளக்கிற?”

“வந்துட்டாங்கப்பா ஹாலிஃபாக்ஸ் புரொஃபசர்” என்று அவன் பக்கத்துப் படகுக்காரர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். நாலைந்து பேர் சிரித்தார்கள். இன்னும் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள்.

ஸெலி சிரிக்கவில்லை. சுத்தியலை எடுத்துப் புரொப்பெல்லரை ஒரு தட்டுத் தட்டினாள். மணி மாதிரி கணீரென்று கேட்க வேண்டியது டொக் என்றது. ஓரத்தைத் துடைத்தாள். மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் குழந்தையின் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது.

“தம்பி, இது போயிடுச்சு. இதோட திங்கட்கிழமை நீ போகக் கூடாது.”

“என்னக்கா விளையாடுறியா? திறப்பு நாள்ல இறங்கலேன்னா நல்ல இடமெல்லாம் அடுத்தவன் இறால் கூண்டு போட்டுருவான். வருஷமே போச்சு.”

அவள் கண்ணுக்கு முன்னால் வேறொன்று ஓடியது. முந்நூற்று எழுபத்தைந்து கூண்டுகளை மலையாக அடுக்கிய படகு, நவம்பர் அலை, நடுவில் புரொப்பெல்லர் உடைந்து படகு பக்கவாட்டில் திரும்புகிறது. சின்ன வயதில் ஜுரத்தில் இவன் நெற்றிக்கு ஈரத்துணி போட்டவள் அவள். பேசிப் பயனில்லை என்று சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டாள். புரொப்பெல்லர் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பிஸ்கட் போல உடைந்து தரையில் விழுந்தது.

சிரித்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். டெல்பர்ட் அந்தத் துண்டை எடுத்து வெகுநேரம் கையில் வைத்திருந்தான்.

எமில் யார்மத் டவுன் வரை போய்ப் புது புரொப்பெல்லர் கொண்டுவந்தார். சனிக்கிழமை அதையும் புது ஜிங்கையும் ஸெலி மாட்ட, டெல்பர்ட் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான்.

“அக்கா, பெயின்ட் அடிச்சா என்னதான் ஆகுது?”

“கடல் தண்ணியில கரைஞ்சிருக்கே ஆக்ஸிஜன், அதுக்கு எலக்ட்ரான் வேணும். உலோகத்துக்கிட்டதான் புடுங்கும். துத்தநாகம் தாராளம், முந்திக்கிட்டுக் குடுக்கும். அது குடுக்கிறது தண்டு வழியா புரொப்பெல்லருக்கு வந்து, அங்கேருந்து ஆக்ஸிஜனுக்குப் போகும். புரொப்பெல்லர் கைக்காசு செலவில்லாம நிக்கும். நீ துத்தநாகத்தைப் பெயின்ட் போட்டு மூடிட்ட. ஆக்ஸிஜன் புரொப்பெல்லர்கிட்டயே கைய வெச்சிருச்சு, பித்தளைக்குள்ள இருந்த துத்தநாகம் போய் வெறும் செம்பு சொத்தையா நின்னுடுச்சு. குடுத்தா ஆக்ஸிஜனேற்றம், வாங்கினா ஒடுக்கம்.”

“வாங்கினா ஒடுக்கமா? வாங்கினவன் கொழுக்கணுமே!”

“நானும் அப்படித்தான் நினைச்சு, பரீட்சையில மாத்தி எழுதி மார்க்கை விட்டேன். எலக்ட்ரானுக்கு எதிர்மறை மின்னூட்டம்டா. வாங்க வாங்க மின்னூட்டக் கணக்குல எண் குறையும். அதான் ஒடுக்கம்.”

“உங்க ஆளுங்களுக்குப் பேர் வைக்கவே தெரியல” என்றான். அதை அவள் ஒத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஊரோடு ஊராக ஸெலியும் துறையில் நின்று கையாட்டினாள். படகு போய், கூண்டு இறக்கி, பத்திரமாகத் திரும்பியது. அன்று வீட்டில் உருளைக்கிழங்கும் கோழியும் போட்டு ராப்பி பை. டெல்பர்ட் மூன்று தட்டு தின்றான்.

சீசன் முடிந்து ஜூன் மாதம் படகு மறுபடி கரையேறியது. அவன் பட்டறைக்குள் ஓடிவந்தான். கையில் ஓட்டையும் பள்ளமுமாக ஒரு ஜிங்க் கட்டி.

“அக்கா, பாதி காணோம்! பாரு, பாதிய தின்னுடுச்சு!” பெரிய மீனைப் பிடித்தவன் மாதிரி தூக்கித் தூக்கிக் காட்டினான். பிறகு குரல் இறங்கியது. “நீயும் எங்களுக்கு இது மாதிரிதான்க்கா. படிப்பை விட்டுட்டு வந்து எங்களுக்காகத் தேஞ்ச…”

“போடா! நான் எங்கடா தேஞ்சேன்? எமிலைக் கேளு, போன வருஷ பேன்ட் இடுப்புல ஏற மாட்டேங்குது.” கண்ணை மட்டும் தொப்பியால் துடைத்துக்கொண்டாள். “குடுத்தேன், இல்லேங்கல. வாங்கவும் செஞ்சேன். எமில் கிடைச்சாரு, இந்தப் பட்டறை கிடைச்சுது, நீ இருக்க. ஒருத்தர் குடுக்கணும்னா இன்னொருத்தர் வாங்கணும், ரெண்டும் தனித்தனியா நடக்காது. முதல் பாடமே அதுதான்டா முட்டாள். அந்த ஸ்பேனரை எடு.”

அவன் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.