வினிகரை எப்போது ஊற்றுவது

ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மேஜை விரிப்புகளுக்கும் சமையல்காரர்களின் வெள்ளைச் சட்டைகளுக்கும் கஞ்சி போடுவது அவள் வேலை. கஞ்சி கூடினால் காலர் கழுத்தை அறுக்கும், குறைந்தால் மத்தியானத்துக்குள் தொங்கிவிடும். அவள் சுபாவமும் அந்தச் சட்டைகள் மாதிரிதான், கொஞ்சம் விறைப்பு கூடுதல் என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். அது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. வந்தால் என்ன? "தொங்கிக்கிட்டு நிக்கறதுக்கு இது தேவலை" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அவளுக்கு அந்தக் கூடத்தில் இருந்த ஒரே மனுஷி சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். தேய்ப்பு இயந்திரத்தின் சூடான உருளையிலிருந்து படுக்கை விரிப்புகள் வெளியே வரும்போது ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு மடிப்பார்கள். ஒருத்தி முன்னால் வருவாள், மற்றவள் வாங்கிக்கொள்வாள், விரல்கள் தொட்டுக்கொள்ளும், மறுபடி விலகுவார்கள். கைகள் தன்பாட்டுக்கு வேலை செய்ய, வாய்கள் ஊர்க்கதை பேசும். கஞ்சியக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்திருந்தவள் சுருட்டை. சுருட்டையின் புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டபோது, அவன் விட்டுப்போன சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டித் தெருமுனையில் வைத்துவிட்டு வந்தவள் கஞ்சியக்கா. கூடப் பிறந்தவர்கள் யாருமில்லாத கஞ்சியக்காவுக்கு அந்தக் குறை தெரியாமல் இருந்ததே சுருட்டையால்தான்.

சனிக்கிழமை மத்தியானம் சுருட்டையின் டப்பாவில் பன்றிக்கறி இருக்கும். எலும்போடு தடியாக வெட்டிய சாப்ஸ் துண்டுகள், முந்தின நாளே மசாலாவில் ஊறவைத்து, காலையில் கல்லில் போட்டு வாட்டியவை. ஆறிப்போயிருக்கும், ஆனாலும் பல் படுவதற்கு முன்னால் பிரிந்துவிடும். மிளகின் காரம் முதலில் வரும், அப்புறம் லேசான தித்திப்பு, கடைசியில் எங்கிருந்தோ ஒரு ஆரஞ்சு வாசனை. கஞ்சியக்கா இரண்டு துண்டைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, எலும்பை உறிஞ்சிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவாள். அதில் என்ன போடுகிறாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? சனிக்கிழமை வந்தால் டப்பா வரப்போகிறது. டப்பாவில் பாதி தன்னுடையது.

அந்தப் பாதிக்குத்தான் பங்கு வந்தது.

கிழிந்த விரிப்புகளைத் தைப்பதற்கு ஒரு தையல்காரியைப் புதிதாகச் சேர்த்தார்கள். சின்னப் பெண், கன்னத்தில் குழி, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. வந்த முதல் சனிக்கிழமை அவள் சாப்பாடு கொண்டுவரவில்லை. சுருட்டை டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். ஒரு கடி கடித்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ அக்கா! என்னக்கா இது! இதுல என்னதான் போடறீங்க?"

சுருட்டையின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. சாப்பிட்ட கையைக் காற்றில் ஆட்டி ஆட்டி அவள் சொல்ல ஆரம்பித்தாள். பூண்டு, கொரகொரப்பாய் இடித்த மிளகு, தேன், சோயா சாஸ், ஆரஞ்சுத் தோல், வினிகர் என்று அடுக்கிக்கொண்டே போனாள். பக்கத்தில் துவைக்கும் இயந்திரம் தண்ணீரைப் பிழிந்து தள்ளும் இரைச்சலில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. கஞ்சியக்கா காதைத் தீட்டிக்கொண்டு, ஆனால் சுவரைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தாள். கடைசியில் சொன்னது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"வாயால சொன்னா வராதுடி. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, கையோட காட்டித் தரேன்."

டப்பாவில் கிடந்த மூன்றாவது துண்டைத் தையல்காரி எடுத்தாள். எலும்போரம் கொழுப்பு பொன்னிறமாய் முறுகியிருந்த துண்டு அது.

அன்றைக்கு முழுக்கக் கஞ்சியக்காவுக்கு அதே நினைப்புதான். நேற்று வந்தவளுக்கு அடுப்படி வரைக்கும் அழைப்பு. இத்தனை வருஷம் கூட நின்று மடித்தவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது! விரிப்பை வாங்கும்போது வெடுக்கென்று இழுத்தாள். "மெதுவா இழுடி, கிழிஞ்சுடப் போவுது" என்றாள் சுருட்டை. "கிழிஞ்சா தைக்கத்தான் ஆள் வந்திருக்கே" என்றாள் இவள். சுருட்டை அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் கறிக்கடையில் நான்கு சாப்ஸ் வாங்கினாள். என்ன பெரிய வித்தை, நாக்கு எனக்கும்தானே இருக்கிறது என்று ஒரு வீம்பு. காதில் விழுந்த சாமான்களையெல்லாம் வாங்கி, ஒரு பாத்திரத்தில் கொட்டிக் கலந்து, கறி மூழ்கும் அளவுக்கு வினிகரை ஊற்றி மூடிவைத்தாள். ஊறட்டும், நன்றாக ஊறட்டும், அவளுடையதைவிட அதிக நேரம் ஊறட்டும்.

மறுநாள் மத்தியானம் திறந்து பார்த்தால் கறி வெளுத்துக் கிடந்தது. கல்லில் போட்டதும் ஓரங்கள் சுருண்டு கிண்ணம் மாதிரி எழும்பின, பூண்டு கருகியது. அவள் புருஷன் பூட்டு ரிப்பேர்காரர். எதைப் போட்டாலும் வாயைத் திறக்காமல் சாப்பிடுகிற மனுஷன். அவரே ஒரு துண்டை ரொம்ப நேரம் மென்றார்.

"எப்படி இருக்குங்க?"

"துருப்பிடிச்ச பூட்டுகூட எண்ணெய் விட்டா திறந்துக்கும். இது பிடி கொடுக்க மாட்டேங்குதே."

"அவ்ளோ மோசமாவா இருக்கு?"

"மோசம்னு சொல்லலை. வெளியில மாவு, உள்ளே ரப்பர். சுண்ணாம்பைச் சப்பின மாதிரி வாயெல்லாம் வறண்டு போச்சு. வினிகர்ல குளிப்பாட்டினியா இதை?"

அவள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அதே நேரத்தில் சுருட்டையின் வீட்டில் அந்தக் கன்னக்குழிக்காரி கையோடு கற்றுக்கொண்டிருப்பாள் என்று நினைக்க நினைக்க, கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அப்புறம் வந்த வாரங்களில் நிலைமை மோசமானது. சுருட்டையும் தையல்காரியும் வேலை முடிந்து ஒன்றாகப் போக ஆரம்பித்தார்கள். இருவருக்கும் ஒரே பஸ்ஸாம். தையல்காரி சுருட்டையின் மேலங்கிக்கு அழகாக ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். "பாத்தியா கஞ்சி, எவ்ளோ நீட்டா தச்சிருக்கா!" என்று சுருட்டை பைக்குள் கையை விட்டு விட்டு எடுத்துக் காட்டினாள். கஞ்சியக்கா அந்தப் பையைப் பார்த்தாள். தையல் நன்றாகத்தான் இருந்தது. "நூல் கலர் சேரலை" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சுருட்டைக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. தையல்காரி தயங்கித் தயங்கிக் கஞ்சித் தொட்டிப் பக்கம் வந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். நாளைக்கு என்னைக் கட்டிக்கப்போறவரோட அம்மா அப்பா முதல் தடவையா எங்க வீட்டுக்குச் சாப்பிட வராங்க. சுருட்டையக்கா சொல்லிக்கொடுத்த சாப்ஸ்தான் செய்யப்போறேன். எல்லாம் ஞாபகம் இருக்கு. இந்த வினிகரை மட்டும் எப்போ ஊத்தணும்னு மறந்துட்டேன். அக்காவுக்கு போன் போட்டா எடுக்கலை, தூங்கறாங்க போல. நீங்கதானே அவங்களுக்கு ரொம்ப நெருக்கம், உங்களுக்குத் தெரியுமில்லே?"

நெருக்கம். அந்தச் சொல் காய்ச்சிய கம்பி மாதிரி இறங்கியது. நெருக்கமாம், ஆனால் வினிகர் எப்போது என்று தெரியாது. தெரியாது என்று இந்தக் குட்டியிடம் எப்படிச் சொல்வது? ஆனால் எப்போது ஊற்றக்கூடாது என்பது மட்டும் கஞ்சியக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதைப் புருஷன் வாயில் வைத்தே பரிசோதித்தாயிற்று.

"இன்னிக்கே ஊத்திடு. தாராளமா ஊத்து. நாளைக்கு வரைக்கும் ஊறினாத்தான் மெத்துனு வரும்" என்றாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று அந்தப் பெண் அவள் ஈரக்கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை முழுவதும் கஞ்சியக்கா நல்ல மனநிலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது போய்விட்டது. புருஷன் என்ன ஏது என்று கேட்டதற்கு, "தலைவலி" என்றாள்.

திங்கட்கிழமை தையல்காரி வீங்கிய கண்ணோடு வந்தாள். சுருட்டை தையல் மெஷின் பக்கத்தில் அவளை உட்கார வைத்து என்ன நடந்தது என்று கேட்டாள். வருங்கால மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மீதியைத் துடைக்கும் காகிதத்தில் மறைத்து வைத்தாளாம். மாமனார், "பரவாயில்லம்மா, பழகப் பழக வரும்" என்றாராம். அந்தப் பரவாயில்லையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் சொன்ன மாதிரிதானே செஞ்சே?"

"வினிகர் மட்டும் மறந்துட்டேன்க்கா. கஞ்சியக்காகிட்ட கேட்டேன். முதல் நாளே ஊத்தணும்னாங்க."

சுருட்டை தலையைத் திருப்பிக் கஞ்சித் தொட்டியைப் பார்த்தாள். கஞ்சியக்கா குனிந்து, கரைந்துபோன கட்டியைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் விரிப்பு மடிக்கும்போது சுருட்டை பேசவில்லை. நான்காவதோ ஐந்தாவதோ விரிப்பில், முனைகளைக் கொடுக்க அருகில் வந்தவள், கொடுக்காமல் நின்றாள்.

"தெரியாம சொன்னியா, தெரிஞ்சு சொன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சுதான்" என்றாள் கஞ்சியக்கா.

"அந்தப் பொண்ணு உனக்கு என்னடி பண்ணிச்சு?"

"நேத்து வந்தவளை வீட்டுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்லிக்கொடுக்கறே. எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருப்பியா?"

"நீ கேட்டியா?"

"கேக்கணுமா? உனக்கு நான் செஞ்சதெல்லாம் நீ கேட்டா செஞ்சேன்?"

சுருட்டை விரிப்பை அவள் கையில் திணித்தாள். "கேக்கறது இருக்கட்டும். ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொல்லியிருக்கியா? சாப்பிடுவே, கை கழுவுவே, போவே. உனக்குப் பன்றிக்கறியே பிடிக்காதோ, என் மனசு நோகக்கூடாதுன்னு சாப்பிடறியோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அவ ஒரு வாய் சாப்பிட்டா, கண்ணை மூடிக்கிட்டா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் புருஷன்கூட அப்படிச் சாப்பிட்டதில்லை."

பிடிக்காதா? சனிக்கிழமைக்காக வெள்ளிக்கிழமை ராத்திரியே அரை வயிறு சாப்பிட்டவள் கஞ்சியக்கா. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று தெரியாமல், "பிடிக்கும்" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல் கஞ்சி கூடின காலர் மாதிரி விறைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு" என்று சுருட்டை அடுத்த விரிப்பை எடுக்கப் போய்விட்டாள்.

சொல்ல இரண்டு நாள் பிடித்தது. சொன்னபோது தையல்காரி சிரிக்கவில்லை, கன்னத்தில் குழி விழவில்லை. "நான் எவ்ளோ அசிங்கப்பட்டேன் தெரியுமாக்கா? உங்களைப் போய் நம்பினேனே" என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு கஞ்சியக்காவிடம் வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேசவில்லை. கல்யாணம் நின்றுபோகவில்லை. அடுத்த முறை அவர்கள் வந்தபோது சுருட்டையே கூட இருந்து செய்து கொடுத்தாள். மாமியார் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். கல்யாணத்துக்குச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. கஞ்சியக்காவுக்கும் வந்தது, ஆனால் தையல்காரி கையால் இல்லை, கூடத்து மேஸ்திரி கையால்.

கல்யாணமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கஞ்சியக்கா நான்கு சாப்ஸ் வாங்கிக்கொண்டு சுருட்டையின் வீட்டுக் கதவைத் தட்டினாள். யாரும் கூப்பிடவில்லை.

"எப்படிச் செய்யறேன்னு சொல்லு" என்றாள் வாசலில் நின்றபடியே. வாழ்நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி போல அது இருந்தது.

சுருட்டை அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டாள். அப்புறம் கோபமெல்லாம் வேலையில் கரைந்தது. முதலில் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரில் கறி ஒரு மணி நேரம் கிடக்க வேண்டும், உள்ளே ஈரம் நிற்பது அதனால்தான். எடுத்து ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மசாலா ஒட்டாது. கொழுப்போரத்தைக் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் கீறிவிட்டால் கல்லில் சுருளாது. சோயா சாஸ் ஒரு கரண்டி போதும், உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கிறது.

"வினிகர்?"

"கல்லுல போடறதுக்கு அரை மணி முன்னாடி. அதுவும் ஒரு மூடி. இத்துனூண்டு" என்று சுருட்டை விரலைக் காட்டினாள். "பாழாப்போன அந்த ஒரு மூடிக்கு எவ்ளோ அக்கப்போர்டி!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். கஞ்சியக்கா வாங்கி வந்ததை மறுநாளைக்கு ஊறவைத்துவிட்டு, சுருட்டை முந்தின நாளே ஊறவைத்திருந்த துண்டுகளை எடுத்தார்கள். ஒட்டியிருந்த பூண்டை வழித்துவிட்டுக் கல்லில் போட்டதும் வீடே மணத்தது. ஆறாமல், சுடச்சுட, அடுப்படியில் நின்று சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்று கஞ்சியக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டாள்.

அப்போது போன் அடித்தது. சுருட்டை பேரை எட்டிப் பார்த்ததும் முகத்தில் அந்த விளக்கு எரிந்தது. "அவதான். இரு, தோ வந்துட்டேன். திருப்பிப் போடு, கருகிடப் போவுது" என்று போனோடு பால்கனிக்குப் போனாள்.

கஞ்சியக்கா திருப்பிப் போட்டாள். பால்கனியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அப்புறம் கிசுகிசுப்பு. அப்புறம் இன்னும் பெரிய சிரிப்பு. புதுப் புருஷனைப் பற்றி ஏதோ போலிருக்கிறது. தோ வந்துட்டேன் என்றவள் வரவில்லை. கஞ்சியக்கா கறியை இறக்கித் தட்டில் வைத்தாள். காத்திருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாகச் சுருட்டையின் முதுகு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது தெரிந்தது. தட்டில் இருந்ததிலேயே நல்ல துண்டை, கொழுப்பு முறுகினதை எடுத்து, நாக்கு சுடச்சுடத் தின்று, எலும்பைக் குப்பைக்கூடையின் அடியில் அமுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

சுருட்டை உள்ளே வந்து தட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணு குறையுதே?"

"பூனை."

"மூணாவது மாடியிலயா?"

"ஆமா, ஒண்ணு இருக்கு" என்றாள் கஞ்சியக்கா, முகத்தில் ஒரு மடிப்பும் விழாமல். "அதைத் தனியா விட்டுட்டுப் போகாதே."